குளிருக்கு ஒரு பெட்டி

பிரேமர்ஹாஃபனில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
துறைமுகத்தில் பறித்த தொப்பியை
அடுத்த தெருவில்தான் கீழே போடும்.
அப்படியிருந்தும் என் கார்
வெந்த காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது
சின்னத் திரை சொல்லும்: ஐம்பத்தெட்டு.
புகைக்குழாய்க்குப் பக்கத்தில்
மூக்கை நீட்டிப் படுத்திருக்கிறது வடிகட்டி.
டர்போவோ ஏற்கெனவே கோபக்காரன்,
காற்றை நெரித்து நெரித்தே சூடேற்றுகிறவன்.
அவனுக்குப் போய்ச் சுடுமூச்சைக் கொடுத்தால்
பச்சை விழுந்ததும்
பின்னால் நிற்கும் பேருந்துகூட ஹோர்ன் அடிக்கிறது.

குளிர் எனக்குத் தொழில்.
மீன் களஞ்சியம், இரவு பத்திலிருந்து ஆறு வரை,
மைனஸ் இருபத்துநான்கு.
கையுறைக்குள் கையுறை. இமையில் உப்புப்போல் பனி.
கதவு அரை நிமிடம் திறந்திருந்தால்
மணி அலறும், குளிர் வீணாகிறதாம்.
அந்த மணியைக் கேட்டுக் கேட்டுத்தான்
இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் அறையின் கதவை மாற்றினார்கள்.
பழைய கதவின் தோலை உரித்துக்கொள்ளட்டுமா என்றேன்.
மேற்பார்வையாளர் ஹின்ரிக் ஆலர்ஸ்
கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"எதற்கு?"
"காருக்கு."
"காரில் மீனா வளர்க்கப்போகிறாய்?"
பிறகு அவனே தன் வானில் ஏற்றிவந்து
வாசலில் சாத்திவிட்டுப் போனான்.

முதலில் அட்டை.
ஹெரிங் பெட்டியை வெட்டி
பற்றரிக்கும் முன்விளக்குக்கும் நடுவில்
நுழைத்து, இழுத்து, நறுக்கி, மறுபடி நுழைத்து.
சட்டை தைக்கத் தெரிந்தவளுக்கு இது புதிதல்ல,
அக்குள் எங்கே பிடிக்கும் என்று
துணி வெட்டுமுன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.
மூன்று அட்டை பிழைத்தது.
நான்காவதில், மீன்வாடையோடு, ஓர் உருவம் வந்தது.

பிறகு அலுமினியம்.
தகரக் கத்தரி என் பெருவிரலை
ஒருமுறை ருசி பார்த்தது.
மடிப்புக்குச் சமையலறை மேசையின் விளிம்பு.
இருபத்திரண்டு ரிவெட்.
மேல்விளிம்பைச் சுற்றி அதே கதவின் ரப்பர்,
பானட்டை இறக்கினால் "ப்ப்" என்று ஒட்டிக்கொள்கிறது.
பனிவிளக்கு இருந்த குழியிலிருந்து
ஒரு குழாயை இழுத்துவிட்டேன்.
உள்வாயில் முகம் வைத்தேன்.
கடல்.

அதே சிவப்பு விளக்கு. இருபத்துமூன்று.
நம்பாமல் திரையைத் தட்டினேன்.
இருபத்திரண்டு ஆனது.

பரிசோதனை நிலையத்தில்
டார்ச் பிடித்துக் குனிந்தவன் சொன்னான்:
"இது காகிதத்தில் இல்லையே."
ஏழு வருடம் என் கையிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது.
ஆள் இருக்கிறாள், ஆனால் இருப்பதாகக் கணக்கில்லை.
அதை இவனிடம் சொல்லி என்ன?
விரலால் ஓரத்தைத் தடவினான்.
"யார் மடித்தது?"
"நான்."
"நல்ல மடிப்பு" என்றான்,
குறை என்ற கட்டத்தில் கோடு போட்டபடியே.

ஒரு மாதத் தவணை.
பழைய பிளாஸ்டிக் பெட்டி நிலவறையில் கிடக்கிறது.
ஆறு திருகாணி, கால் மணிநேர வேலை.
போடுவேன். முத்திரை வாங்குவேன்.
அதற்குப் பிறகு நடப்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது காலை ஆறேகால், வெளியே நான்கு பாகை.
அணைக்கரைச் சாலையில் யாருமில்லை.
வண்டிக்கு வந்த குளிர் முழுவதும் வண்டிக்கே,
அது வேண்டாமென்று கழித்த சூடெல்லாம்
என் கால்விரல்களுக்கு.
பாதியில் நரம்பு விட்டு விட்டு
சுண்டுவிரல் திரும்பி வருகிறது.

இரண்டாயிரத்து நானூறு சுற்றில் மட்டும்
ஏதோ ஒரு ரிவெட் பல்லைக் கடிக்கிறது.
எது என்று தெரியும்,
விரல் வெட்டுப்பட்ட பிறகு அவசரத்தில் அடித்தது.
நித்திரை கொண்டு எழும்பித்தான் பார்க்க வேண்டும்.